உட்காருவதும் நடப்பதும்

விபஸ்ஸனா முகாமில் சேர்ந்ததும் முதலில் வாங்கி வைத்துக்கொள்வது செல்போனை. அடுத்து நோட்டையும் பேனாவையும். செல்போன் போனதில் எனக்கு நிம்மதிதான். பேனாவைக் கொடுக்கும்போதுதான் கை தயங்கியது. எஸ்.என். கோயங்கா வகுத்த முறையில் பத்து நாளும் படிப்பு, எழுத்து கிடையாது, பத்தாம் நாள் காலை வரை பேச்சும் கிடையாது. விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள். முதல் மூன்று நாட்கள் மூக்கில் வந்துபோகும் மூச்சைக் கவனித்துக்கொண்டு உட்கார வேண்டும். நான்காம் நாள்தான் கவனத்தை உச்சி முதல் உள்ளங்கால் வரை நடத்திக்கொண்டு போகச் சொல்லித் தருகிறார்கள். அதற்குப் பிறகு தினமும் மூன்று வேளை, ஒரு மணி நேரம், கைகால் அசைக்காத அமர்வு. கட்டணம் எதுவும் இல்லை. முடித்துப் போகிறவர்கள் விரும்பினால் அடுத்து வருகிறவர்களுக்காகக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

லண்டனில் என் அறையில் ஒரு நாவல் பாதியில் நின்றிருந்தது. அதில் வரும் கிழவி ஒருத்தி மாதக்கணக்கில் வாயே திறக்கவில்லை. முகாமில் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள் பேசிவிட்டாள். ஒரே ஒரு வாக்கியம்தான், ஆனால் அந்த அத்தியாயத்தையே தூக்கி நிறுத்தக்கூடியது. வந்ததா, வந்தது என்று தெரிந்துகொள், பிடித்துக்கொள்ளாதே, மூச்சுக்குத் திரும்பு என்பது அங்கே பாடம். எழுதுகிறவனுக்கு இது, வாசலுக்கு வந்த லட்சுமியை அப்படியே திருப்பி அனுப்பு என்பது மாதிரி. திருப்பி அனுப்பினேன், போய்விட்டாள். முகாம் முடிந்து எவ்வளவு மன்றாடியும் அந்த வாக்கியம் வரவில்லை, அதற்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒன்றுதான் வந்தது.

தியானம் எழுத்துக்கு உரம் என்று பேட்டிகளில் சொல்லும் எழுத்தாளர்களை அதனால்தான் என்னால் முழுசாக நம்ப முடிவதில்லை. யுவால் நோவா ஹராரி தன் ‘ஹோமோ டியஸ்’ நூலைக் கோயங்காவுக்குத்தான் காணிக்கையாக்கியிருக்கிறார். அவர் எழுதுவது வரலாறு. கிழவிகள் அவர் காதில் பேசுவதில்லை.

ஊருக்குப் போன் பேசும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். “பத்து நாள் வாயத் தொறக்காம உக்காரோணும்னா அதுக்கு அத்தன தூரம் போவோணுமா சாமி? நம்ம கரட்டுல போயி உக்காந்தா ஆரு வேண்டாங்கறாங்க?”

கேள்வி நியாயமானதுதான். சேந்தமங்கலத்துக்காரன் சும்மா உட்காரக் கற்றுக்கொள்ள இங்கிலாந்துக்குப் போனேன் என்றால் ஊர் சிரிக்கும். எங்கள் சன்னியாசிக் கரட்டில் சுயம்பிரகாச அவதூதர் உட்கார்ந்திருந்தார். கட்டுத் துணியையும் துறந்த துறவி. திருவிதாங்கூரில் நீதிபதியாக இருந்து, அதை உதறிவிட்டுச் சன்னியாசம் வாங்கிக்கொண்டு, கடைசிவரை ஜட்ஜ் சுவாமிகள் என்ற பெயரை மட்டும் உதற முடியாமல் போனவர் அவருடைய குரு. சேலம் கந்தாஸ்ரமத்தை உருவாக்கிய சாந்தானந்தர் அவதூதரின் சீடர். கரட்டின் மேல் தத்தாத்ரேயர் கோயில் 1931-இல் எழுந்தது. அவதூதர் 1948-இல் மறைந்தார், சமாதியும் அங்கேயே இருக்கிறது. சித்திரை வெயிலில் அந்தப் பாறையில் செருப்பில்லாமல் ஏறி, உள்ளங்கால் பொசுங்க, நிழலுக்கு ஓடியவர்கள் நாங்கள். மேலே நின்றால் கிழக்கே கொல்லிமலை சுவர் மாதிரி நிற்பது தெரியும். கீழே மரவள்ளிக் காடுகள், அதற்கிடையில் தகரக்கூரை மின்னும் கோழிப்பண்ணைகள். காற்று அடிக்கும் பக்கத்தைப் பொறுத்துப் பக்தியும் கூடும், குறையும்.

அந்தக் கோயில் எழுவதற்கு முந்தின வருடம், 1930 ஏப்ரலில், இன்னொன்று நடந்தது. ராஜாஜி நூறு பேர் அளவில் தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். நடந்தவர்கள் பாடிக்கொண்டு போன பாட்டு எங்கள் பக்கத்து ஆள் எழுதியது. காவிரிக்கரை மோகனூரில் பிறந்த ராமலிங்கம் பிள்ளை, நாமக்கல் கவிஞர். வாள் எடுக்காமல், ரத்தம் சிந்தாமல் ஒரு யுத்தம் வருகிறது, வந்து சேருங்கள் என்று அழைக்கும் அந்தப் பாட்டைத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1932-இல் அவரும் சிறைக்குப் போனார். ஒரு பக்கம் கரட்டில் அசையாமல் உட்கார்ந்த ஒருவர், இன்னொரு பக்கம் கால் தேய நடந்தவர்களின் வாயில் இருந்த ஒரு பாட்டு. நாட்டுக்குத் தேவைப்பட்டது எது என்று பட்டிமன்றம் வைத்தால் ஊரில் இன்றைக்கும் கூட்டம் சேரும். எனக்கு அந்தப் பட்டிமன்றத்தில் ஆர்வம் இல்லை.

என் ஆர்வமெல்லாம் அந்தக் கவிஞர் நாவலும் எழுதினார் என்பதில்தான். அகிம்சைப் படைக்குப் பாட்டுக் கட்டிய கை, நாவல் என்று உட்கார்ந்ததும் யாரைப் பிடித்தது? ஒரு திருடனை. ‘மலைக்கள்ளன்’. 1954-இல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாக வந்து குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய அதே கதை. கவிஞரின் அப்பா மோகனூரில் ஏட்டு. மகனையும் போலீசில் சேர்க்கத்தான் அவருக்கு ஆசை. போலீஸ் வீட்டில் வளர்ந்து, போலீஸ் பிடித்துப் போகக்கூடிய பாட்டை எழுதி, பிறகு போலீஸ் தேடும் கள்ளனைக் கதாநாயகனாக்கினார். பாட்டில் அந்தக் கள்ளனுக்கு இடம் கிடையாது. வரிசையில் நடக்கும் நூறு பேரில் ஒருவன் முகமூடி போட்டுக்கொண்டு வந்தால் ஊர்வலம் அன்றோடு முடிந்தது. நாவலில் அவன் இல்லாவிட்டால் முதல் பக்கத்தைக்கூடத் தாண்ட முடியாது.

நான் ஊர்வலங்களுக்குப் போகிறவன். 2009-இல் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது லண்டன் பார்லிமெண்ட் சதுக்கத்துப் புல்தரையில் தமிழர்கள் ஏப்ரல் முதல் வாரத்தில் உட்கார்ந்தார்கள். எழுந்தது ஜூனில், எல்லாம் முடிந்த பிறகு. வேலை முடித்து நானும் போவேன். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, “தம்பி எவடம்? இந்தியாவோ?” என்றார். சேந்தமங்கலம் என்றால் அவருக்கு என்ன தெரியும், சேலத்துக்குப் பக்கம் என்றேன். “அங்கயும் சனம் றோட்டில இருக்குதோ?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். சரி என்பது போலத் தலையாட்டிவிட்டு மறுபடி கோஷத்தில் சேர்ந்துகொண்டார். அவருடைய தம்பி குடும்பம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருந்த நாட்கள் அவை.

கோஷம் போடும்போது எதிராளியின் பக்கத்தை யோசிக்கக் கூடாது. யோசித்தால் தொண்டை எழும்பாது. எனக்கு அங்கேதான் சிக்கல். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற இளம் போலீஸ்காரர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தார். பூட்ஸ் புதிதோ, கடிக்கிறதோ என்று என் கண் அங்கே போய்விடும். இரண்டு வரி கோஷம் விட்டுப்போகும். நல்ல போராளிக்கு இந்தப் புத்தி ஆகாது. ஆனால் இந்தப் புத்தி போய்விட்டால் நான் எழுத ஒன்றும் இருக்காது.

இராக் போருக்கு எதிராக 2003 பிப்ரவரி 15-இல் லண்டன் தெருக்களில் லட்சக்கணக்கானோர் நடந்தார்கள். ஐந்து வாரம்கூட ஆகவில்லை, போர் தொடங்கிவிட்டது. அந்த ஒரே நாளை வைத்து இயன் மெக்யூவன் ‘சாட்டர்டே’ என்று ஒரு நாவல் எழுதினார். அதன் நாயகன் மூளை அறுவை மருத்துவர். அவன் ஊர்வலத்துக்குப் போகவில்லை. வேறு வேலையாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். வசதிக்காரனின் சுகமான குழப்பம் என்று திட்டியவர்கள் உண்டு. திட்டில் பாதி எனக்கும் சம்மதம். இருந்தாலும் அன்றைக்கு நடந்தவர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றை எல்லாம் விட, நடக்காமல் வீட்டுப் பக்கம் திரும்பியவனைப் பற்றிய அந்தப் புத்தகத்தோடுதான் நான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் லண்டனில் இருந்துகொண்டு சௌகரியமாக யோசிப்பது. 2015 ஜனவரியில் என் சொந்த மாவட்டமே எனக்கு வேறொரு பாடம் நடத்தியது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வந்த நாவல், பிள்ளையில்லாத ஒருத்தி கோயில் திருவிழாவில் அந்நியன் ஒருவனிடம் பிள்ளை வரம் தேடிப் போகும் கதை. நாலு வருடம் கழித்துத் திருச்செங்கோட்டில் அதை எரித்தார்கள், ஊர்வலம் போனார்கள், கடையடைப்பு நடத்தினார்கள். நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு எழுத்தாளரிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் எழுதினார். அந்த வாரம் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என்னை உறுத்தியது ஒன்றுதான். வரிசையாக நடப்பது, கோஷம் சொல்லிக் கொடுக்க ஒருவர், திருப்பிச் சொல்லப் பலர், கையில் தட்டி, ஓரத்தில் நிற்கும் போலீஸ். நான் நம்பிக்கையோடு போய் நிற்கும் கூட்டங்களின் அதே உருவம். நாமக்கல் கவிஞரின் மண்ணில், நடந்து எதிர்ப்பைக் காட்டும் அதே முறை, ஒரு நாவலாசிரியனின் வாயை அடைக்கப் பயன்பட்டது.

இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். கொலையை நிறுத்து என்று கேட்பதும் எழுதுவதை நிறுத்து என்று கேட்பதும் ஒன்றாகாது. ஆனால் அந்த வித்தியாசம் கோரிக்கையில்தான் இருக்கிறது. ஊர்வலத்தின் நடையிலோ குரலின் சூட்டிலோ இல்லை. நடக்கும்போது நெஞ்சில் எழும் அந்த நிமிர்வு, நாம் சரி என்ற சுகம், அவர்களுக்கும் அப்படியேதான் இருந்திருக்கும். இதை எனக்குக் காட்டிக் கொடுத்தது முகாம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அசையாமல் உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் பழைய கோபம் ஒன்று கிளம்பினால் அது எங்கே வருகிறது என்று பார்க்கச் சொல்வார்கள். எனக்குத் தாடை இறுகும், காது மடல் சுடும். கோபத்துக்குக் காரணம் நியாயமா அநியாயமா என்று தாடைக்குத் தெரியாது. ஆகவே தாடை இறுகுவதை வைத்து என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்ள முடியாது. தியானம் எனக்குச் செய்த உபகாரம் இவ்வளவுதான். அமைதி, ஆனந்தம் என்றெல்லாம் சொல்கிறார்களே, அதெல்லாம் எனக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது.

பெருமாள்முருகனின் அந்தக் காலத்து அமைதியைத் தியானத்தோடு சேர்த்துப் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எரிச்சலாக இருக்கும். அவதூதர் தானே விரும்பி உட்கார்ந்தார். இவரை உட்கார வைத்தார்கள். 2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் அமர்வு, அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. எழுத்தாளன் உயிர்த்தெழுந்து தனக்கு வாய்த்த வேலையைச் செய்யட்டும் என்ற பொருளில் தீர்ப்பை முடித்தது. ஒன்றும் எழுதாமல் இருந்ததாக ஊர் நினைத்த காலத்தில் இருநூறு கவிதைகளுக்கு மேல் சேர்ந்திருந்தன. ‘கோழையின் பாடல்கள்’ என்று பெயர் வைத்து வெளியிட்டார். நாமக்கல் கவிஞரின் பாட்டு வீரர்களைக் கூப்பிட்டது என்றால், அதே மாவட்டத்திலிருந்து இப்போது கோழை பாட வேண்டியிருந்தது. அடுத்து வந்த நாவல் ‘பூனாச்சி’. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வங்களைப் பற்றி எழுதினால் இன்னும் பயம், அதனால் வெள்ளாட்டைப் பற்றி எழுதுகிறேன் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். அந்த ஆடு பதிவுக்காகக் காது குத்த வரிசையில் நிற்கிறது. வரிசையில் நிற்கிறவர்கள் அரசாங்கத்தைப் பற்றி மெதுவாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். கோஷம் போட்டு எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் சுட்டிருக்காது.

நான் எழுதிக்கொண்டிருப்பதிலும் ஒரு நாவலுக்கு எதிராகக் கடையடைப்பு வருகிறது. ஊர் திருச்செங்கோடு இல்லை, நாவலும் அந்த நாவல் இல்லை. கடைக்காரர் ஒருவர், வயது அறுபதுக்கு மேல், உரமும் விதையும் விற்கிறவர், அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூடப் படிக்காதவர். அவரைப் பயந்தாங்கொள்ளியாகவோ மூர்க்கனாகவோ எழுதுவது சுலபம். முதல் பிரதியில் அப்படித்தான் இருந்தார், பக்கங்களும் மளமளவென்று ஓடின. இப்போது அவரைத் திரும்ப எழுதுகிறேன். நான் எந்தக் கூட்டத்துக்கு எதிராக நடப்பேனோ அந்தக் கூட்டத்து ஆளிடம் என்னுடைய நல்ல வாதங்களை எல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வாங்கிக்கொண்டு அவர் நன்றாகவே பேசுகிறார். “ஏனுங்க, எங்க அம்மாயி அந்தச் சாமிகிட்ட வேண்டிக்கிட்டுத்தான் எங்கம்மாவப் பெத்தாங்க. எங்கம்மாவ யாருக்குப் பொறந்தவன்னு நீங்க அச்சடிச்சு விப்பீங்க, நான் கடையத் தொறந்து வெச்சுக்கிட்டு யூரியா நிறுத்துக்கிட்டு இருக்கோணுமா?” என்கிறார். பதில் சொல்ல வேண்டிய பாத்திரம் என் பக்கத்து ஆள், படித்தவன். அவனுக்கு இன்னும் பதில் வரவில்லை. வருகிற சனிக்கிழமை ஊர்வலம் ஒன்று இருக்கிறது. போய்விட்டு வந்து ஞாயிற்றுக்கிழமை மறுபடி அவனை உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.