கிளிப்புக்குப் புண்ணியம் உண்டா?

உளுந்தூர்பேட்டையில் வயரிங் வேலை செய்கிறவன் நான். ஃபால்ஸ் சீலிங்கில் டவுன்லைட் மாட்ட, ஜிப்சம் போர்டில் வட்டம் அறுத்து, விளக்கின் இரு பக்க ஸ்பிரிங் கிளிப்புகளையும் மேல்நோக்கி மடக்கிப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும். கையை விட்டதும் அவை விரிந்து போர்டின் மேல்முகத்தை அழுத்தும். விளிம்பு கீழ்முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். துளை கொஞ்சம் பெரிதானால் பிடிப்பு போச்சு. ஸ்பிரிங் தெறித்தால் நகம் கறுத்துவிடும்.

அந்தக் கிளிப்பை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. அப்படிப்பட்ட வேலைக்குப் புண்ணியம் உண்டா?

வடலூர் எங்களுக்கு எட்டாத தூரமில்லை. அங்கே 1872-இல் வள்ளலார் தொடங்கிய சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் விலக்கி ஜோதி காட்டுவார்கள். திரை மூடியிருக்கும்போதும் ஜோதி உள்ளேதான் இருக்கிறது. பார்க்க ஆளில்லை என்பதால் உண்மை குறைவதில்லை. ஆனால், ‘கடவுள் பார்க்கிறார், ஒழுங்காகச் செய்’ என்பதை நான் ஏற்கமாட்டேன். அது பயந்து செய்யும் வேலை. விளக்குக்குக் கீழே தூளியில் குழந்தை தூங்கும். அந்த உயிருக்காகச் செய்ய வேண்டும். வள்ளலார் சொன்ன ஜீவகாருண்யத்தில் இதுவும் சேரும் என்றே நம்புகிறேன்.

வீடு கட்டுகிறவர்களே, துருப்பிடித்த பழைய கிளிப்பை மறுபடி மாட்டச் சொல்லாதீர்கள்.