கணக்கில் ஏறாத நன்மை



ஒருவன் என்ன சாதித்தான் என்று கேட்டால் கணக்கைப் புரட்டிப் பார்ப்பது நம் வழக்கம். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்திலும் அப்படியொரு கணக்கு உண்டு. அதில் பெர்ட் ஷெப்பர்ட் என்பவரின் பெயருக்கு நேரே, முதல்தர லீக்கில் ஒரே ஓர் ஆட்டம்தான் எழுதியிருக்கிறது. 1945 ஆகஸ்டு 4-ந் தேதி, வாஷிங்டன் செனட்டர்ஸ் அணிக்காக, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியை எதிர்த்துப் பந்தெறிந்தார். ஐந்து இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து ஒரே ஓர் ஓட்டம் கொடுத்தார். அவ்வளவே.

ஆனால் அந்த வரி சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. அன்று அவர் ஊன்றி நின்றது ஒரு பொய்க்காலில்.

ஷெப்பர்ட் போர் விமானி. 1944 மே மாதம் ஜெர்மனியில் அவருடைய விமானம் சுடப்பட்டு விழுந்தது. அவர் நினைவிழந்து கிடக்க, கோபங்கொண்ட குடியானவர்கள் அவரைக் கொல்ல நெருங்கினார்கள். தங்கள் நாட்டின்மேல் குண்டுமாரி பொழியக் கண்டவர்கள் அவர்கள். அப்போது ஜெர்மானிய விமானப் படையின் வைத்தியர் ஒருவர் குறுக்கே வந்து அவர்களை விலக்கி, ஷெப்பர்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று, உயிர் நின்றது. பிறகு சிறை முகாமில், உடனிருந்த கனடா நாட்டுக் கைதி ஒருவர் அவருக்குப் பொய்க்கால் செய்து கொடுத்தார். 1945-ல் கைதிகள் பரிமாற்றத்தில் ஷெப்பர்ட் ஊர் திரும்பினார்.

அந்த வைத்தியர் ஆஸ்திரியா நாட்டவரான லடிஸ்லாவுஸ் லாய்டில். தம்மைக் காத்தவர் இன்னார் என்று ஷெப்பர்டுக்கு வெகுகாலம் தெரியாது. 1993-ல்தான் இருவரும் நேருக்கு நேர் சந்தித்தார்கள்.

இப்போது ஒரு கேள்வி. பகைவனைக் காப்பாற்றிய அந்த வைத்தியர் தம் பக்கத்தாருக்குத் துரோகம் செய்தாரா? "பிழைத்தால் மறுபடி வந்து நம்மைக் கொல்வானே" என்று அவர் எண்ணியிருக்கலாம். அந்த எண்ணம் நியாயமாகவே தோன்றும். ஆனால் குற்றுயிராய்க் கிடப்பவனின் கையில் ஆயுதம் இல்லை. அங்கே கிடந்தது பகை நாட்டின் படையல்ல. இரத்தம் சிந்தும் ஒரு மனிதன். அவனைக் கொல்வது யுத்தமாகாது, கொலையே ஆகும். பகைக்கும் ஓர் எல்லை உண்டு என்று அறிந்தவர் அந்த வைத்தியர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காப்பாற்றப்படுபவர் பந்தாட்டக்காரர் என்பதோ, ஒருநாள் ஆயிரக்கணக்கானோர் முன்னே பொய்க்காலோடு நிற்பார் என்பதோ அவருக்குத் தெரியாது. நன்றியையும் அவர் எதிர்பார்த்திருக்க முடியாது. பலன் தெரிந்து செய்வது வியாபாரம். தெரியாமலே செய்வதுதான் நன்மை.

நமக்கு யுத்தகளம் வேண்டாம், வரப்புத் தகராறே போதும். பங்காளிகள் பத்து வருஷம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. எதிர்வீட்டு விளக்கு இரவெல்லாம் எரிகிறது. யாரோ படுக்கையில் கிடக்கிறார்கள் என்று தெரிகிறது. "அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள்?" என்று பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுவோமா, எழுந்து போய்க் கதவைத் தட்டுவோமா? அதை எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதப்போவதில்லை.

ஷெப்பர்டின் ஒரு நாள் ஆட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அந்த நாளை அவருக்குக் கொடுத்தவரின் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை. இன்றிரவு விளக்கணைக்குமுன், உங்களுக்கு அப்படியொரு நாளைக் கொடுத்தவர் யாரென்று நினைத்துப் பாருங்கள்; பிறகு எதிர்வீட்டு விளக்கையும் ஒருமுறை பாருங்கள்.