குறைமாதப் பிள்ளையும் குறை சொல்லும் நாவும்



நம்மவர் வீடுகளில் ஒரு பிள்ளை மாதம் நிரம்பாமல் பிறந்துவிட்டால் இரண்டு பேச்சுகள் எழும்பும். பெண்கள் பக்கத்தில், "மருமகள் ராசி சரியில்லை, அவள் உம்மாவும் குறைமாதத்தில்தான் பெற்றாளாம்" என்பார்கள். ஆண்களாகிய நாமோ கல்லாவில் உட்கார்ந்தபடியே, "எல்லாம் நசீபு" என்று சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். இவ்விரண்டு பேச்சும் நியாயந்தானா?

37 வாரம் நிறைவதற்குள் பிறப்பதைக் குறைமாதப் பிள்ளை என்கிறார்கள் வைத்தியர்கள். 2020-ஆம் ஆண்டில் உலகில் அவ்வாறு பிறந்தவை ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம். பத்துப் பிள்ளைகளில் ஒன்று. ஆகவே இது ஏதோ ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த குறையன்று.

இதற்கு ஏதுவானவை இரண்டு வகை. ஒன்று, பிறவிவழி வருவது. தாயானவள் தானே குறைமாதத்தில் பிறந்திருந்தால் அவளுக்கும் அவ்வாறு நேர இடம் சற்று அதிகம். 2017-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில் 43,000-க்கு மேற்பட்ட ஐரோப்பிய வம்சத்துப் பெண்களின் மரபணுக்களைச் சோதித்து, கர்ப்ப காலத்தின் நீளத்தோடு தொடர்புள்ள சிலவற்றைக் கண்டறிந்தார்கள். ஆனால் மரபணுவை எந்தப் பெண்ணும் கடையில் பொறுக்கி எடுத்து வரவில்லை. அது படைத்தவன் கொடுத்தது.

மற்றொன்று, சூழ்நிலையால் வருவது. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, நோய்த்தொற்று, பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடைவெளி போதாமை, காற்றின் மாசு, புகையிலைப் புகை ஆகியவை. கர்ப்பிணி தானே புகைக்க வேண்டுவதில்லை; கணவன் ஊதும் புகையே போதும். பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்த பல மேல்நாடுகளின் கணக்கை 2014-இல் சேர்த்துப் பார்த்தபோது, குறைமாதப் பிரசவம் சுமார் 10 சதவிகிதம் குறைந்திருந்தது. மலேசியாவில் 2019 ஜனவரி முதல் தேதி உணவுக்கடைகளில் புகைக்கத் தடை வந்தபோது, வியாபாரம் படுத்துவிடுமே என்றுதான் நாம் முணுமுணுத்தோம். அடுத்த மேசையில் இருந்த கர்ப்பிணியை நினைத்தோமா?

இப்போது நமது தவறு விளங்குகிறதன்றோ? எவர் கையிலும் இல்லாததற்குப் பெண்ணைப் பழிக்கிறோம். நம் கையில் உள்ளதை நசீபின் மேல் போடுகிறோம். கணக்கைத் தலைகீழாக எழுதி வைத்திருக்கிறோம். சகுனம் பார்ப்பதை நமது நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கச் சொன்னவர்களும் அவர்களே.

குடும்ப வரலாறு கல்யாணப் பேச்சில் குத்திக் காட்டுவதற்கன்று, வைத்தியரிடம் சொல்வதற்கு. மனைவி உண்டானவுடன் அழைத்துச் சென்று அதைச் சொல்வோம். அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டாண்டு இடைவெளி விடுவோம். வீட்டிலும் கடையிலும் சிகரெட்டை ஒழிப்போம். இத்தனையும் செய்த பின்னும் பிள்ளை முந்திப் பிறக்கலாம்; பல பிரசவங்களுக்குக் காரணமே புலப்படுவதில்லை. அப்போது "நசீபு" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. அதையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறுதலாகச் சொல்வோம்.

அல்லாஹ் நம் பெண்மக்களையும் பிள்ளைகளையும் காப்பானாக. ஆமீன்.