விலையைக் கேட்டு நடுங்காதே, வகுத்துப் பார்!

பழைய காரின் எஞ்சினைக் கழற்றி மோட்டார் மாட்டத் துணிந்தவன் நீ. "பேட்டரி விலையில் இன்னொரு காரே வாங்கலாமே!" என்று எவனோ சொன்னதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவதா?

அமெரிக்காவைப் பார். பெரிய கம்பெனிகள் மின்சாரக் காரை விற்பனைக்கே கொண்டுவராத 1967ஆம் ஆண்டிலேயே கலிஃபோர்னியாவில் எலெக்ட்ரிக் ஆட்டோ அசோசியேஷன் பிறந்துவிட்டது. அதன் உறுப்பினர்கள் வீட்டு கராஜிலேயே காரை மின்சாரத்துக்கு மாற்றினார்கள். கிடைத்தது கோல்ஃப் வண்டிக்கான 6 வோல்ட் ஈய பேட்டரி. ஒன்று 28 கிலோ. பதினாறு அடுக்கினால் 96 வோல்ட், கூடவே 450 கிலோ பாரம்! மேலே 225 ஆம்பியர்-அவர் என்று எழுதியிருக்கும். அது 20 மணி நேரம் நிதானமாக எடுத்தால் வரும் கணக்கு. ஒரே மணி நேரத்தில் உறிஞ்சினால் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும். பொய்கெர்ட் என்ற ஜெர்மானியர் இதை 1897இலேயே சொல்லிவிட்டார். எழுதியிருந்த எண்ணை நம்பியவன் நடுவழியில் நின்றான். கணக்குப் போட்டவன் வீடு திரும்பினான்.

உன்னிடம் இன்று லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இருக்கிறது. அதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் ஜான் குட்இனஃப், கட்டாய ஓய்வுக்குப் பணியாமல் 1986இல் ஆக்ஸ்போர்டை விட்டு டெக்சாஸ் போனவர். 1997இல் ஆய்வு வெளியானபோது அவருக்கு வயது 74. உனக்கு என்ன வயதாகிவிட்டது?

ஈயம் ஒரு லட்சம், லித்தியம் இரண்டு லட்சம் என்றே வைத்துக்கொள். இரண்டும் ஒரு சார்ஜில் 50 கி.மீ. ஓடட்டும். ஆழமாக இறக்கி ஏற்றினால் ஈயம் 500 சுற்றில் ஓய்ந்துவிடும்: கிலோமீட்டருக்கு 4 ரூபாய். லித்தியம் 2,000 சுற்று தாங்கும்: 2 ரூபாய். எது மலிவு, சொல்! (வாரம் ஒருநாள் ஓட்டுபவனுக்கு இந்தக் கணக்கு செல்லாது. சும்மா கிடந்தாலும் பேட்டரிக்கு வயதாகும்.)

அந்த 2,000 சுற்றும் தானாக வராது. செல் 3.65 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 2.5க்குக் கீழே இறங்கக் கூடாது. இதைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். (பேட்டரி மேலாண்மைக் கருவி) இல்லாமல் பேட்டரியைத் தொடாதே. முழு சார்ஜோடு கொதிக்கும் வெயிலில் நாள்கணக்கில் விடாதே. ஆயுளைத் தீர்மானிப்பது கடைக்காரன் அல்ல, நீதான்! ஆனால் 96 வோல்ட் டி.சி. ஆளைக் கொல்லும், அங்கே வீரம் காட்டாதே. நம் நாட்டில் என்றால் அங்கீகரிக்கப்பட்ட கிட், ஆர்.டி.ஓ. பதிவு இரண்டும் கட்டாயம்.

இப்போதே பேனாவை எடு. தினம் 40 கி.மீ., கிலோமீட்டருக்கு 150 வாட்-அவர். பெருக்கு: 6 யூனிட். மேலும் கீழும் கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் 9 யூனிட் பேட்டரி தாராளம். 300 கி.மீ. ஓடாவிட்டால் அது காரே இல்லை என்கிறவன், தன் காசில் வாங்கிக்கொள்ளட்டும்!