ஒதுக்கியதற்கும் கணக்கு

பொய் சொல்லல் தீது என்பதை மறுப்பார் இல்லை. ஆயின், உண்மைகளுள் தனக்கு உகந்தவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துப் பேசுகிறவனை என்னென்பது? அவன் கூறிய ஒவ்வொரு சொல்லும் மெய். கூறாது விட்டதையோ கேட்பவன் அறியான். இந்தப் பழைய வினாவுக்கு விஞ்ஞானம் நம் காலத்தில் தெளிவான விடையொன்றைத் தந்திருக்கிறது. அவ்விடை நீதிநூல்களில் அன்று. ஆய்வுச் சஞ்சிகைகள், குறிப்பாகக் கால்நடை மருத்துவச் சஞ்சிகைகள், தம் கட்டுரையாளருக்கு விதிக்கும் நெறிகளில் உள்ளது.

ஒரு நோய்க்கு ஒரு மருந்து பயன்படுமா என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அனைத்தையும் தேடித் திரட்டி, நிறுத்துப் பார்த்து முடிவு கூறும் கட்டுரையை முறைசார் மீளாய்வு என்பர். அதனை எழுதுவோர்க்கென 2009 இல் 'பிரிஸ்மா' என்னும் நெறி வெளிவந்தது. 2021 இல் அது திருத்தமாக வெளியிடப்பட்டது. அதில் 27 விதிகள் உள. மனித மருத்துவத்திற்கென எழுந்த அதனையே கால்நடை மருத்துவச் சஞ்சிகைகள் பலவும் இன்று கேட்கின்றன.

அதன் சாரம் எளிது. எந்த ஆய்வை ஏற்பது, எதை விலக்குவது என்பதைத் தேடத் தொடங்குமுன்னரே வகுத்து வை. எங்கெங்கே, எச்சொற்களைக் கொண்டு, எந்நாள்வரை தேடினாய் என்பதை, இன்னொருவர் அதே வழியில் நடந்து பார்க்கத்தக்கவாறு கூறு. கிடைத்தவை எத்தனை, விலக்கியவை எத்தனை, ஏன் விலக்கினாய் என்பதற்குக் கணக்குக் காட்டு. பணம் தந்தவர் யார் என்பதை மறைக்காதே.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அடுப்படியில் அது சரி; ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்த சோறு அது. ஆய்வுகள் ஒரே பானையில் வெந்தவை அல்ல. வெற்றி கண்ட ஆய்வு அச்சேறுகிறது. தோற்றது பெரும்பாலும் அலுமாரியிலே கிடக்கிறது. மருதனார்மடம் சந்தையில் தக்காளி வாங்குபவர் கடகத்தின் மேலடுக்கைக் கண்டு விலை பேசுவதில்லை. அடிவரை கையை விட்டுப் பார்க்கிறார். விஞ்ஞானம் கேட்பதும் இதுவே.

இது வெறும் ஒழுங்கு விதி அன்று, அற விதி. ஏனெனில் மறைக்கப்பட்டதன் விலையை மறைத்தவன் கொடுப்பதில்லை. நம் கிராமத்தில் ஒன்றிரண்டு பசுக்களை நம்பி வாழும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பசுவின் மடி வீங்கிப் பால் திரிகிறது. மருந்தை வாங்கிச் செலுத்துகிறார்கள். மருந்தின் எச்சம் நீங்கும்வரை பாலை விற்கவும் முடியாது. அம்மருந்து பயன் தராது என்று காட்டிய ஆய்வு எங்கோ புதைந்திருந்தால், இழப்பு மருந்து செய்த கம்பனிக்கா, இந்தக் குடும்பத்துக்கா? மனித நோயாளிக்குக் குணமில்லை என்று சொல்ல வாயாவது உண்டு. பசுவுக்கு அதுவும் இல்லை.

இவ்வகை மீளாய்வுக்குக் குரல் கொடுத்த முன்னோடிகளுள் ஒருவர் பிரித்தானிய மருத்துவர் ஆர்ச்சி கொக்ரேன். ஸ்பானிய உள்நாட்டுப் போரிலே குடியரசின் பக்கம் நின்ற மருத்துவக் குழுவில் பணியாற்றியவர். இரண்டாம் உலகப் போரில் தாமும் கைதியாகிச் சக கைதிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். பயனுள்ள சிகிச்சை யாவர்க்கும் இலவசமாதல் வேண்டும் என்று இளமையிலேயே முழங்கியவர். எது பயனுள்ளது என்று அறியாமல் எதை மக்களுக்கு இலவசமாக்குவது? கணக்கும் கருணையும் அவரிடத்தில் பகைத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. இந்நெறி அச்சேறியதைத்தானே தேடுகிறது? அச்சேறியவற்றுள்ளும் பெரும்பகுதி ஆங்கிலம். நம் கைவைத்தியத்தின் இடம் எங்கே? தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார், கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்து மடிநோய்க்குப் பூசும் முறையைப் பரப்பினர். இந்தியத் தேசியப் பால்வள வாரியமும் அதனை ஏற்றுப் பரப்பியது. இதனைப் பாட்டி வைத்தியம் என்று படிக்காமலே தள்ளுவார் ஒருபுறம். நம் முன்னோர் தந்தது, அளவுகோல் எதற்கு என்பார் மறுபுறம். இருவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: தேடுமுன்னரே முடிவை வைத்திருக்கிறார்கள்.

குணமான பசுவை ஊர் நினைவில் வைக்கிறது, குணமாகாததை மறந்துவிடுகிறது. இலேசான மடிநோய் சில வேளை தானாகவும் ஆறிவிடும். ஆகவே நினைவு மட்டும் சான்றாகாது. நம் மருந்துக்கு நாம் கேட்கவேண்டியது விலக்கு அன்று. வழக்கு மன்றத்தில் இடம். அந்த இடத்தை மறுப்பவர், எம்மொழிகளில் தேடினோம், எவற்றில் தேடவில்லை என்றாவது ஒளியாமல் எழுதட்டும். நெறியே அதைக் கேட்கிறது.

நம் பங்கும் உண்டு. பாடசாலைகளில் விவசாயம் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும், பால் கூட்டுறவுச் சங்கங்களும், மிருக வைத்தியரும் சேர்ந்து, பூசிய மருந்து, பூசிய நாள், ஆறியது, ஆறாதது என நான்கு பத்தியில் ஒரு குறிப்பேட்டைத் தமிழிலே எழுதத் தொடங்கலாம். அதில் நான்காவது பத்தியை வெறுமையாக விடாதிருப்பதே நேர்மை. விலக்கும் உரிமை ஆய்வாளனுக்கு உண்டு. மறைக்கும் உரிமை எவனுக்கும் இல்லை.