எச்சமும் எச்சிலும்

“கோயிலுக்குத்தானே, இது காணும்” என்று கூறிக் கன்றிப்போன வாழைப்பழச் சீப்பொன்றை மலிவாக வாங்குவோர் யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் அரியரல்லர். அவரே விருந்தினர் வரும் நாளில் நல்ல குலை தேடி அலைவர். இதனைச் சிக்கனம் என்பதற்கில்லை. சிக்கனமாயின் அது விருந்துப் பந்தியிலும் தோன்றியிருக்கும். இறைவன் குறை கூறமாட்டான் என்னும் துணிவே இங்கு விலை பேசுகின்றது.

எச்சம், எச்சில் ஆகிய இரண்டும் ‘எஞ்சு’ என்னும் அடியிற் பிறந்தவை. வழிபாட்டில் எச்சிலுக்கு அஞ்சுவோர் எச்சத்துக்கு அஞ்சுவதில்லை என்பது வியப்பே. வாய்ப்பட்டது விலக்கு, வேண்டாதது படையல்!

இவ்விடத்துப் பெரியபுராணக் கண்ணப்பர் வரலாறு ஊன்றி நோக்கற்பாலது. காளத்தியிலே திண்ணனார் தீயில் வாட்டிய ஊனைப் பல்லால் அதுக்கிச் சுவை பார்த்து, இனியவற்றைத் தேக்கிலைக் கல்லையிற் சேர்த்தார். பசித்திருந்தும் தாம் ஒன்றையேனும் உண்டாரல்லர். உடன் வந்த வேடர் அதனைப் பித்தென்றனர். ஆகமநெறி நின்ற சிவகோசரியாரோ பதைபதைத்து அவ்விடத்தைத் தூய்மை செய்தார். பொருளளவில் அவ்வூன் எச்சிலே, ஆயின் எச்சமன்று.

அரிவாட்டாய நாயனார் வரலாறு இதனினும் கடிய வினாவை எழுப்புகின்றது. கணமங்கலத்துத் தாயனார் செல்வராயிருந்தபோது செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் படைத்துவந்தார். செல்வம் அழிந்தபின் கூலிக்கு நெல்லறுத்தார். கூலியாகப் பெற்ற செந்நெல் இறைவனுக்கு, கார்நெல் வீட்டுக்கு. வயலெல்லாம் செந்நெல்லாகவே விளைந்தபோது வீட்டுக்கு எஞ்சியது கீரை மட்டுமே. பசியால் மெலிந்தவர் படையலைச் சுமந்து செல்கையில் தளர்ந்து வீழ, அது நிலப்பிளவிற் சிந்திற்று. உடனே அரிவாளைத் தம் கழுத்திற் பூட்டினார். இறைவன் கையே அதனைத் தடுத்தது.

செல்வ நாளின் படையலும் வறுமை நாளின் படையலும் பொருளால் ஒன்றே. அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே வேறு. ஆனால், அவருடன் மனைவியாரும் கீரையையே உண்டிருந்தார். தம் பசியை ஒருவர் இறைவனுக்கு நேரலாம். பிறர் பசியையும் சேர்த்து நேரும் உரிமை அவருக்குண்டோ? புராணம் படிப்போர் பலர் இவ்வினாவைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். சேக்கிழார் அவ்வம்மையாரை மறந்தாரல்லர். கீரையைச் சமைத்தளித்தவர் அவர். ஆனைந்தை மட்கலத்தில் ஏந்திப் பின்சென்றவரும், வீழ்ந்த கணவரைக் கைகொடுத்துத் தாங்க முயன்றவரும் அவரே. எனவே விரும்பியே உடன் நின்றார் எனக் கொள்ளக் கிடக்கின்றது. ஆயினும், உனக்குப் பசிக்கின்றதா என்று அவரைக் கேட்டவர் அக்கதையில் எவருமிலர்.