தன்னை மறைக்குந் தடை

மக்கள் தத்தம் வாழ்க்கையில் உயர்வடைதற்குத் தடையாயுள்ளன யாவை என வினவின், பெரும்பாலார் வறுமை, நோய், பகை, காலக்கேடு முதலிய புறத்தடைகளையே எடுத்துக் கூறுவர். இவை தடைகளேயாயினும் கண்ணுக்குப் புலப்படுந் தன்மையன. புலப்படுவதொன்றை நீக்குதற்கு வழி தேடலாம். நீக்க இயலாதாயின் விலகியேனுஞ் செல்லலாம். அகத்தே நிற்குந் தடையோ அத்தகையதன்று. அது தடுத்தலேயன்றித் தான் தடுப்பதனையும் மறைத்து நிற்கின்றது. சினமுடையான் தன் சினத்தை நேர்மை என்கின்றான். உலோபி தன் உலோபத்தைச் செட்டு என்கின்றான். செருக்குடையான் தன் செருக்கைத் தன்மானம் என்கின்றான். இங்ஙனம் ஒவ்வொரு குற்றமும் ஒரு குணத்தின் பெயரைப் பூண்டு உலாவுமாயின், அதனைக் குற்றமென்று அறிவது யார்? அறியுங் கருவியாகிய அறிவே மறைக்கப்பட்டிருக்க, அம்மறைப்பினை அவ்வறிவு காணுமாறு யாங்ஙனம்? தன்னையறிய விழைவார்க்கு முதற்கண் எழும் வினா இதுவேயாம்.

சைவசித்தாந்தம் இவ்வினாவை ஒதுக்கிச் செல்லவில்லை. தன் ஆராய்ச்சியின் நடுவிலேயே வைத்துள்ளது. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களுள் ஆணவமே மூலமலம். செம்பிற் களிம்பும் நெல்லின் உமியும் போல அஃது உயிரோடு அநாதியே உடனாய் நிற்பது. உமாபதி சிவாசாரியார் 100 குறட்பாக்களால் அருளிய திருவருட்பயனில், இருண்மலநிலை என்னும் மூன்றாம் அதிகாரம் இதன் இயல்பை விளக்குவது. புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும், ஈண்டு இருள் உளது என்று தன்னையேனுங் காட்டும். அகவிருளுக்கு அச்சிறு நேர்மையும் இல்லை என்பது ஆண்டுப் பெறப்படும் கருத்து. ஆகவே, ஒருவன் தனக்கு ஆணவம் இல்லையென்று துணிந்துரைத்தல் ஆணவமின்மைக்குச் சான்றாகாது. அதன் ஆழத்திற்கே சான்றாதலுங் கூடும்.

அற்றேல், கல்வியால் இம்மறைப்பு நீங்காதோ எனின், கல்வி நன்றே. ஆயினும் தனித்து நின்று அதனை நீக்கமாட்டாது. இதற்குச் சந்தான பரம்பரையிலேயே சான்று உளது. சகலாகம பண்டிதர் என்னும் பெயர் பெற்ற பெரியார், மெய்கண்டாரின் குலத்திற்கு ஆசிரியர். ஆண்டிலும் கல்வியிலும் மூத்தவர். தம் மாணாக்கர் பலர் திருவெண்ணெய்நல்லூரில் இளையராகிய மெய்கண்டாரை அடைந்து பாடங் கேட்பதை அறிந்து, அவரைச் சோதிக்கும் எண்ணத்தோடு ஆங்குச் சென்றார். மூலமலத்தைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆணவத்தின் வடிவு யாது என்று பண்டிதர் வினவ, மெய்கண்டார் விடையாக ஒரு சொல்லும் உரையாது, வினவி நின்ற அவரையே சுட்டினார் என்பது வழிவழி வழங்கும் வரலாறு. ஆகமங்கள் யாவும் கற்ற அப்பெரியார் ஆணவத்தின் இலக்கணத்தை அறியாதவரல்லர். இலக்கணத்தை அறிந்திருந்தும், அதற்கு இலக்கியமாய்த் தாமே நின்றதை அவர் அதுகாறும் கண்டிலர். கண்ட அப்பொழுதே இளையார் திருவடியில் வீழ்ந்து அருணந்தி சிவாசாரியார் ஆயினார். பின்னர் அவர் அருளிய சிவஞான சித்தியாரும், 20 பாடல்களாலாகிய இருபா இருபஃதும் சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் வைத்து எண்ணப்படுகின்றன. அவர் ஆண்டுப் பெற்றது புதியதொரு நூலறிவன்று. தம்மைக் காட்டும் கண்ணாடியொன்றே. தன் முகத்தைத் தான் காணமாட்டாத கண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமாறுபோல, தன் மறைப்பைத் தான் காணமாட்டாத உயிர்க்குக் குரு வேண்டப்படுகின்றார்.

இனி, அகத்தடை தீயவற்றின் வடிவில் மட்டுமே வருவதென்று கருதுதலும் பிழையாம். பல்லாவரத்திற்கு மேற்கே உள்ள குன்றத்தூர் சேக்கிழார் பெருமான் பிறந்தருளிய பதி. அநபாய சோழனுக்கு அமைச்சராயிருந்தும், தம் ஊரில் திருநாகேச்சுரம் எடுத்தும், உலகியலில் உயர்ந்து நின்ற அவர், தமது புராணத்தில் அடியார்களின் பெருமையோடு அவர்க்கு நேர்ந்த இடர்களையும் மறையாது கூறியுள்ளார். ஏயர்கோன் கலிக்காமர் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. சிவபெருமானைப் பரவையார்பால் தூது போக்கினார் சுந்தரர் என்று கேட்ட கலிக்காமர் பொறாராயினார். அவர் சினம் பொருள் பற்றியதன்று. இறைவனிடத்து வைத்த அன்பினின்று எழுந்தது. இறைவன் அவர்க்குச் சூலைநோயை வருவித்து, இது வன்றொண்டனாலன்றித் தீராது என்று உணர்த்தவும், அவனால் தீர்தலினும் இறத்தலே நன்றெனத் தம் வயிற்றைக் கிழித்து உயிர்நீத்தார். நோய் தீர்க்க வந்த சுந்தரர் அதுகண்டு தாமும் உடைவாளைப் பற்றிய பொழுது, திருவருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமர் விரைந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றுதொட்டு இருவரும் நண்பராயினர்.

இவ்வரலாற்றின் நுட்பம் யாது? கலிக்காமரின் நோய்க்கு மருந்தாக இறைவன் தேர்ந்தது அவர் வெறுத்த ஒருவரையே. இருவரையும் பிரித்து நின்ற தடை பகைமையன்று, பக்தியின் உள்ளேயே புகுந்திருந்த 'என் அன்பே அன்பு' என்னும் முனைப்பு. சமயப்பற்றுடையார் இதனை அஞ்சியே ஆராய்தல் வேண்டும். சிவநிந்தை பொறுக்கலாகாதென்று எழுந்த சினத்தில், சிவத்தின் பொருட்டு எழுந்த கூறு எவ்வளவு, தன் கொள்கையைப் பிறர் ஏற்கவில்லை என்பதனால் எழுந்த கூறு எவ்வளவு என்று அளந்து காண்பார் அரியர்.

கண்டவுடன் இத்தடை அற்றுப்போமோ என்பது அடுத்த வினா. இதற்குத் தாம்பரத்தின்கண் உள்ளதோர் உவமை துணைசெய்யும். 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரிமுத்து என்பார் தாம்பரத்தை அடுத்துக் காசநோயாளர்க்கெனச் சானடோரியம் ஒன்றை நிறுவினார். 1937-இல் அஃது அரசினர் வயமாயிற்று. இன்று நெஞ்சக நோய்க்குரிய அரசினர் மருத்துவமனையாக விளங்குகின்றது. அருகிலுள்ள இரயில் நிலையத்திற்கும் சானடோரியம் என்பதே பெயர். காசநோயின் கிருமியை 1882-இல் இராபர்ட் காக் கண்டறிந்தார். அக்கிருமி உட்புகுந்தார் அனைவரும் நோயாளராவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அதனை உடலிற் கொண்டுள்ளார் என்று கணித்துள்ளனர். அவருட் பெரும்பாலார்க்கு இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. உடல் தளர்ந்த காலம் பார்த்து உறங்கிய கிருமி விழித்தெழும். நோய் வெளிப்பட்டார்க்குப் பொதுவாக ஆறு திங்கள் இடைவிடாது மருந்து கொடுக்கப்படுகின்றது. சில கிழமைகளிலேயே இருமல் தணிந்து, பசியெடுத்து, உடல் தேறும். அப்பொழுதே நோயாளி தான் நலமுற்றதாக எண்ணி மருந்தை நிறுத்திவிடுவானாயின், எஞ்சிய கிருமி மீண்டும் பெருகும். முன்னைய மருந்துக்கு அடங்காத வன்மையும் பெறுதல் உண்டு.

ஆன்ம நோயின் இயல்பும் இதனோடு ஒத்ததே. சிலகாலம் வழிபாடும் திருமுறை ஓதலும் செய்தானுக்குச் சினம் சிறிது தணிகின்றது. மனம் ஒருவாறு அமைகின்றது. அவ்வளவில் தான் தேறிவிட்டதாகக் கருதி நெறியை விடுவானாயின், அடங்கிக் கிடந்த மலவாதனை முன்னினும் வலிதாக எழும். இப்பொழுது அது 'நான் சாதகன்' என்னும் புதிய போர்வையையும் உடுத்து வரும். ஆணவம் நித்தப்பொருள் என்பதும், முத்தியினும் அதன் சத்தி அடங்குவதன்றி அது அழிவதில்லை என்பதும் சித்தாந்தத் துணிபு. இதனாலன்றோ சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், ஞானம் பெற்றார்க்கும் மலவாதனையைக் களைதலும், அடியார் இணக்கமும், திருவேடத்தையும் திருக்கோயிலையும் வழிபடுதலும் விதித்தது. முடிவை எட்டியவர்க்கே இவை வேண்டுமாயின், வழியில் நிற்பார் இடையில் இளைப்பாறுதற்கு இடம் ஏது?

ஈண்டு ஒரு தடை எழும். எல்லாம் திருவருளே செய்வதாயின் உயிரின் முயற்சி எற்றுக்கு? முயற்சியால் முடிவதாயின் திருவருள் எற்றுக்கு? கதிரவன் ஒளியின்றிக் கண் காணாது; கண்ணை மூடிக் கிடப்பானுக்குக் கதிரவன் எழுந்தும் பயனில்லை. ஒளியை உண்டாக்குதல் கண்ணின் செயலன்று. இமையைத் திறத்தல் கதிரவன் செயலன்று. சானடோரியத்து நோயாளி மருந்தைத் தான் ஆக்கவில்லை. ஆயினும் தனக்கு நோயுண்டென்று ஒப்புதலும், தந்ததை நாடோறும் உண்ணுதலும் அவனுக்கே உரியன. இவ்விரண்டனுள்ளும் ஒப்புதலே அரிது.

ஒப்புதலின் அருமையைப் பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள் வரலாற்றிலும் காணலாம். 1876-இல் நாகப்பட்டினத்தில் வேதாசலம் என்னும் பெயரோடு தோன்றிய அடிகள், 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தார். அக்கல்லூரி தாம்பரத்திற்குப் பெயர்ந்தது பின்னர் 1937-இல். 1911-இல் பல்லாவரத்தில் குடியேறித் துறவு மேற்கொண்ட அவர், 1950-இல் மறையுங்காறும் ஆண்டே தங்கியிருந்தார். 1916-இல் தனித்தமிழ் நடையே தக்கதென்று துணிந்தபின், தம் பெயரையும், ஞானசாகரம் என்னுந் தம் இதழின் பெயரையும், சமரச சன்மார்க்க நிலையம் என்னுந் தம் கழகத்தின் பெயரையும் மாற்றினார். வடசொல் விரவத் தாம் முன்னர் எழுதிய நூல்களையும் மறுபதிப்புக்களில் திருத்தியமைத்தார். அவர் கொள்கையை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். வாதப்போரில் அவர் வன்மொழி வழங்கியதும் உண்டு. அஃது எவ்வாறாயினும், அச்சேறிப் புகழும் பெற்ற தன் எழுத்தையே ஒருவர் தம் கையால் அடித்துத் திருத்துதல் எளிதன்று. எழுதியதைக் காத்தற்கு ஆயிரங் காரணங் காட்டும் அறிவு, அதனைத் திருத்துதற்கு ஒரு காரணமுங் காட்டாது. ஏனெனின், எழுதியது 'என்னுடையது'. அவ்வொரு சொல்லிலன்றோ தடை முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது.

அங்ஙனமாயின், பிறர் கூறுங் குறையெல்லாம் கொள்ளத்தக்கனவோ எனின், அன்று. பொறாமையாற் கூறுவாரும், அறியாது கூறுவாரும் உளர். ஆயினும், கூறப்பட்டது மெய்யோ பொய்யோ என்று ஆராயுமுன், அதனைக் கேட்டபொழுது தன்னுள்ளத்தில் எழுந்த கொதிப்பு யாது என்று ஆராய்தல் நன்று. சொல்லியவன் குற்றம் அவனோடு போம்; கேட்டவன் கொதிப்பு அவனுக்கே உரிய நோய்க்குறி. மற்று, தன்னை எப்பொழுதும் இழித்துப் பேசிக்கொண்டிருத்தலும் பணிவாகாது. 'நானே உயர்ந்தேன்' என்பானும் 'நானே கடையேன்' என்று பலர் கேட்கப் பேசுவானும் 'நான்' என்பதனையே சுற்றி வருகின்றனர். தன்னையறிதலாவது தன்னையே நோக்கிக்கொண்டிருத்தலன்று. தனக்குப் பற்றுக்கோடாய் உள்நின்று உணர்த்தும் முதல்வனை நோக்க, அவ்வொளியில் தன் நிலை தானே விளங்கப் பெறுதல்.

ஆதலின், உள்ளத் தடையை வெல்ல விரும்பும் அன்பர், தடையில்லாதவர்போல் தம்மைக் கருதும் மயக்கத்தை முதலிற் கைவிடுக. தம் குறையை அன்போடு எடுத்துக்காட்ட வல்ல ஒருவரையேனும் நட்பாகப் பெறுக. அவர் சுட்டுங்கால் விடைகூற விரையாது, அருணந்தியார்போல் ஒருகணம் நின்று நோக்குக. வெறுப்பு மூண்டவிடத்துக் கலிக்காமர் வரலாற்றை நினைக. மனம் தெளிந்த நாளிலும் வழிபாட்டை விடாதொழிக. இருளைப் பழித்தலால் இருள் நீங்காது. விளக்கை ஏற்றி, அவியாது காத்தலே செயற்பாலது. அவ்விளக்கும் நெய்யும் தருவது திருவருள். காத்தல் உயிரின் கடன்.